ரிஜெக்ட் சார் ப்ளாக் எழுதிய கதை

கடவுளே நேரில் வந்து நின்றிருந்தாலும், “கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க, பின்னாடி ஃபினிஷிங் பார்க்கணும்” என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, ரிஜெக்ட் சார்தான். கடவுள் திரும்பிக் காட்டியிருந்தாலும் பாஸ் கிடைத்திருக்காது.

பெங்களூர் பொம்மசந்திராவில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் நான் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். அவர் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சம்பளப் பட்டியலில் அவருக்கு அழகான பைபிள் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் செக்யூரிட்டியே, “அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று கட்டு டேக் இருக்கும். சின்ன அட்டை, ஒரு ஓரத்தில் துளை, அதில் நூல். பச்சை என்றால் பாஸ். மஞ்சள் என்றால் திருத்தி எடுத்து வா. சிவப்பு என்றால் கண் முன்னால் நிற்காதே. சிவப்பும் மஞ்சளும் வாரா வாரம் தீர்ந்துபோய் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்குவார். பச்சைக் கட்டு மட்டும் அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்ததுதான் என்பது ஃபேக்டரியில் எல்லோருடைய நம்பிக்கை.

ஒருநாள் கேன்டீனில் வடையை எடுத்தவர் கடிக்கவில்லை. பையிலிருந்து வெர்னியர் காலிபரை எடுத்து ஓட்டையை அளந்தார்.

“பாரும்மா, ஓட்டை பெருசாயிட்டே போவுது. ஓட்டை பெருசானா மாவு கம்மி. இப்படியே போனா அடுத்த மாசம் வெறும் ஓட்டையைத்தான் தட்டுல வெப்பான்.”

சொல்லிவிட்டு அந்த ஓட்டை வழியாகவே நூலைக் கோத்து சிவப்பு டேக்கைக் கட்டி, வடையைக் கேன்டீன்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். கேன்டீன்காரர் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

இது ஒரு குணம். இன்னொன்று, மனிதருக்கு உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் என்பார்களே, அவருக்கு உடம்பு பூராவும் சக்கரம். ஆஸ்டின் டவுனிலிருந்து பொம்மசந்திராவுக்குக் கம்பெனி பஸ். அப்போது ஓசூர் ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சில்க் போர்டு ஜங்ஷன் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, அடுத்த தூக்கத்துக்கும் தயாராகிவிடலாம். எனக்கு அந்த டிராபிக் ஜாம் மேல் குறையே கிடையாது. வீட்டில் கிடைக்காத தூக்கம் அங்கேதான் கிடைத்தது. ரிஜெக்ட் சாருக்கோ பஸ் நின்றால் மூச்சு முட்டும். கதவைத் திறந்து இறங்கிவிடுவார்.

“சார், குத்கொள்ளி சார்!” என்று டிரைவர் கிருஷ்ணப்பா கன்னடத்தில் கெஞ்சுவார். “உட்காருங்க” என்று தமிழிலும் ஒருமுறை சொல்வார். எந்த மொழியிலும் பயனில்லை. நாங்கள் ஊர்ந்து ஊர்ந்து அடுத்த ஸ்டாப்பான பொம்மனஹள்ளி போய்ச் சேரும்போது அவர் கடலைப் பொட்டலத்துடன் ரோட்டோரம் நின்றுகொண்டிருப்பார். ஏறும்போது, “இன்னாம்மா, இவ்ளோ நேரமா?” என்று என்னைக் கேட்பார், ஏதோ நான்தான் பஸ்ஸை ஓட்டி வந்த மாதிரி.

இப்படிப்பட்டவர் ஒருநாள் பேப்பரை மடித்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். ஆளாளுக்கு இன்டர்நெட்டில் ப்ளாக் எழுதத் தொடங்கியிருந்த காலம்.

“இதைப் படிச்சியாம்மா? யார் வேணும்னாலும் எழுதலாமாம். எடிட்டரே கிடையாதாம்.”

“ஆமா சார். அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? எடிட்டர் இல்லன்னா இன்ஸ்பெக்‌ஷன் இல்லன்னு அர்த்தம். சரக்கு அப்படியே வெளிய போவுது. நாம இறங்கியே ஆகணும்.”

அவர் இறங்கியது ஆஸ்டின் டவுனில் ஒரு பிரௌசிங் சென்டரில். தமிழில் அடிக்கத் தெரிந்த பாவத்துக்கு, சொல்லிக்கொடுக்க என்னையும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப்போனார். பிளைவுட் அடித்த குட்டிக் குட்டி அறைகள். அவர் நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு நின்றுகொண்டே அடித்தார். ஒரு வரி அடிப்பார், ஒரு நடை போய் வருவார். நடக்கிற போக்கில் மற்ற அறைகளுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் காலேஜ் பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைக்கார பாய் என்னிடம் வந்து, “அம்மா, சாரை உட்காரச் சொல்லுங்க. இல்லாட்டி கடையை மூட வேண்டியதுதான்” என்றார்.

ப்ளாகுக்கு ‘சோதித்துப் பார்த்ததில்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு சரி. வாரக்கணக்கில் ஒரு எழுத்துகூட அதில் ஏறவில்லை. எழுதாமல் இல்லை. “வணக்கம். இது என் ப்ளாக்” என்று தொடங்குவார். பின்னால் நகர்ந்து நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். “சப்புனு கீது” என்று அழிப்பார். உலக வெப்பம் பற்றி எழுதினார், அழித்தார். கிரிக்கெட் பற்றி எழுதினார், அழித்தார். ஊரில் எல்லாப் பொருளையும் ரிஜெக்ட் செய்தவருக்குத் தன் பொருளை மட்டும் பாஸ் செய்ய மனசு வருமா?

கடைசியில் நான்தான் கேட்டேன். “சார், நம்ம ஃபேக்டரியில பம்பு செஞ்ச ஆளே அதை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணலாமா?”

“சேச்சே. அது எப்படி? செய்யறவன் வேற, பார்க்கறவன் வேற.”

“அப்ப நீங்க எழுதினதை நீங்களே எப்படி ரிஜெக்ட் பண்றீங்க?”

அப்படியே நின்றுவிட்டார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். ரூல் சொன்னது, கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எழுதுவது அவர், பார்ப்பது நான் என்று ஏற்பாடு. நான் தலையாட்டினால்தான் ஏற்றுவார். எனக்கோ சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும், தாராளமாகத் தலையாட்டினேன்.

ப்ளாக் சூடு பிடித்தது. வடை ஓட்டை முதலில் வந்தது. அடுத்து ஓசூர் ரோட்டுப் பள்ளங்கள், ஆழ அகலத்தோடு. கிருஷ்ணப்பாவின் ஹாரன். ‘பஸ்ஸில் குறட்டை விடும் பர்ச்சேஸ் பிரிவு ஊழியர் ஒருவர்’ என்று ஒன்று. அதையும் நானே தலையாட்டி அனுப்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு டேக். என் குறட்டைக்கு மஞ்சள். பஸ்ஸில் இருந்தவர்கள்தான் வாசகர்கள். பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கவுன்ட்டர் மட்டும் மளமளவென்று ஏறியது. அவரே பக்கத்தைத் திறந்து திறந்து மூடுவதால் ஏறுகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வந்தது பஞ்சம். உலகத்தில் குறை தீரவில்லை, ஆனால் எங்கள் பஸ்ஸில் தீர்ந்துவிட்டது. “சப்ஜெக்ட் ஏதாச்சும் இருக்கா?” என்று சீட் சீட்டாகக் கேட்டுக்கொண்டு போவார். அவர் வருவதைப் பார்த்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஜாமில் இறங்கி லாரி டிரைவர்களைக் கேட்டார், கடலை விற்பவரைக் கேட்டார். ஒருநாள் டிராபிக் போலீஸ்காரரைக் கேட்கப்போக, அவர் சும்மா இருந்த எங்கள் பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்.

“உங்க வீட்டுலயே ஏதாவது இருக்குமே சார்?” என்றேன் ஒருநாள்.

“வீடு கூடாதும்மா. நிர்மலா சத்தியம் வாங்கிக்கிச்சு.”

நிர்மலா அவருடைய ஒரே பெண். அம்மா இல்லை, இறந்து பல வருஷம். டிராவல்ஸ் ஒன்றில் வேலை பார்த்தாள். நல்ல பெண், ஆனால் கல்யாணம்தான் ஆகவில்லை. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அப்பா ரிஜெக்ட் செய்திருந்தார். ஒருவருக்கு நடை சரியில்லை, ஒருவர் சட்டைக் காலர் மடிந்திருந்தது, ஒருவர் காபியை உறிஞ்சினார். நிர்மலா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே சரியென்றாள். ஒரே ஒரு தடவை மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தேடி வந்து சொன்னாள்:

“அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுன்லேருந்து வராங்க. ஜோயல்னு பேரு. போன்ல பேசினோம். எனக்கு... எனக்குப் பிடிச்சிருக்கு அக்கா. அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. இது போச்சுன்னா நான் இனிமே யாருக்கும் கேசரி கிண்ட மாட்டேன்.”

நான் என் பங்குக்கு அவரிடம் பேசினேன். தலையை ஆட்டினார். ஆனால் அந்த வாரம் தங்கை பிரசவத்துக்காக நான் லீவில் சேலம் போய்விட்டேன். திரும்பி வந்து பஸ் ஏறினால், யாரும் யாருடனும் பேசவில்லை. கிருஷ்ணப்பா ஹாரன்கூட அடிக்கவில்லை. ஆபீஸில் ரகசியமாக ப்ளாகைத் திறந்தேன்.

‘பொருள்: மாப்பிள்ளை. வந்த இடம்: ரிச்சர்ட்ஸ் டவுன். வெளித்தோற்றம்: கீறல் இல்லை. உயரம்: அனுமதித்த அளவுக்குள். வைத்த இடத்திலிருந்து ஒரு மணி நேரம் அசையவில்லை. ஓடும் நிலையில் சோதிக்க முடியவில்லை. உடன் வந்த தாயார்: சத்தம் அதிகம்; பேரிங்கைப் பார்க்கவும். உடன் வந்த தந்தை: சத்தமே இல்லை, இயங்குகிறாரா என்று தெரியவில்லை. முடிவு: மஞ்சள்.’

தலையில் அடித்துக்கொண்டு ஓடினேன். “சார்! நான் பார்க்காம எப்படி ஏத்துனீங்க?”

“சப்ஜெக்டே கிடைக்கலம்மா. அதுவா வீட்டுக்கு வந்து சோஃபால உக்காந்துச்சு. நான் இன்னா பண்ணுவேன்?”

“அவங்க படிச்சா?”

“படிச்சிட்டாங்க.” குரல் இறங்கியது. “ஹாபி இன்னா அங்கிள்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. ப்ளாக் அட்ரஸ் எழுதிக் குடுத்தேன். அட்ரஸ் குடுத்தா யாரும்மா படிக்கிறாங்க? நீங்களே படிக்கிறதில்ல.”

எழுதிக் கொடுத்தது எதில் தெரியுமா? சிவப்பு டேக்கின் பின்பக்கத்தில். மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தும் எல்லாம் கேட்டதாம். அதற்குப் பிறகு நிர்மலா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மாலை ஜாமில் அவர் வழக்கம்போல் இறங்கினார். எனக்கு வந்த கோபத்தில் நானும் பின்னாலேயே இறங்கினேன். எங்கள் ஃபேக்டரியில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோளாறு வந்தாலும் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில்தான் உண்மைக் காரணம் இருக்கும் என்பார்கள். எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். லாரிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே கேட்டேன்.

“ஏன் சார் மஞ்சள் போட்டீங்க?”

“அவன் ஆடாம அசையாம உக்காந்துனே இருந்தான்.”

“உக்காந்தா உங்களுக்கு ஏன் பிடிக்கல?”

“எனக்கு உக்காரத் தெரியாதும்மா.”

“ஏன் தெரியாது?”

ஒரு லாரியைச் சுற்றிக்கொண்டு வந்தார். “முன்னெல்லாம் உக்காருவேன். அவங்க அம்மா போனதுலேருந்து, உக்காந்தா வீடு ரொம்ப அமைதியா இருக்குது.”

“அதுக்கு ஏன் மாப்பிள்ளைங்களை விரட்டறீங்க?”

அவர் கடலை விற்பவரைப் பார்த்து நடையை எட்டிப் போட்டார். ஐந்தாவது ஏனை நானும் கேட்கவில்லை. நிர்மலா போய்விட்டால் அந்த வீட்டில் பேச யார் இருக்கிறார்கள்? அத்தனை நாள் அவர் ஊரெல்லாம் சுற்றியதைப் பார்த்துச் சிரித்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கடலை வாங்கிக் கொடுத்தார். இருவரும் மென்றுகொண்டே பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை பிரௌசிங் சென்டரிலிருந்து போன் செய்தார். “ஓடியாம்மா, யாரோ கமென்ட் போட்டிருக்காங்க. நிஜ ஆளு.” போய்ப் பார்த்தேன். ஜோயல்.

‘ஐயா, நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பும். உங்கள் அறிக்கையில் சில குறைகள். சோதனையின்போது பொருளின் வாயில் கேசரி இருந்தது, ஆகவே பேச முடியவில்லை. பொருள் அசையக்கூடாது என்று தாயார் காரிலேயே எச்சரித்திருந்தார். ஓடும் நிலையில் பார்க்காமல் டேக் போட்டது முறையல்ல. மறுசோதனை கோருகிறேன். நானும் தினமும் ஓசூர் ரோட்டில்தான் மாட்டிக்கொள்கிறேன். ஒரு விஷயம்: என் அப்பா உங்கள் அறிக்கையைப் பிரின்ட் எடுத்துப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். அவ்வப்போது எடுத்துப் படித்து, தனியாகச் சிரிக்கிறார்.’

ரிஜெக்ட் சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்து நானும் பாயும் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பாயின்ட் கரெக்ட்தாம்மா” என்றார்.

திங்கட்கிழமை சில்க் போர்டில் பஸ் நின்றது. ரிஜெக்ட் சார் இறங்கினார். பின்னால் நின்ற வேறொரு ஆபீஸ் பஸ்ஸிலிருந்து லேப்டாப் பையோடு ஒரு பையன் குதித்தான். கிட்ட வந்து, “அங்கிள், நடக்கலாமா?” என்றான். இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். எங்கள் பஸ்ஸில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. எல்லோரும் இடப்பக்க ஜன்னலுக்கு வந்துவிட, “ஒரே சைடுக்குச் சாய்க்காதீங்க, வண்டி பள்ளத்துல இறங்கிடும்!” என்று கிருஷ்ணப்பா கத்தினார். பிறகு அவரே எட்டிப் பார்த்தார்.

பொம்மனஹள்ளியில் இருவர் கையிலும் கடலைப் பொட்டலம் இருந்தது. பையன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ரிஜெக்ட் சார் பஸ் ஏறி என் பக்கத்தில் நின்றார்.

“எப்படி சார்?”

“ஓடுது. ரோட்டுல இருக்கிற பள்ளத்தையெல்லாம் எனக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிறான்.”

ஜோயலின் அம்மாவை ஜோயலும், ஆச்சரியமாக அந்தச் சத்தமில்லாத அப்பாவும் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கல்யாணம் முடியும்வரை ப்ளாகில் ஒரு எழுத்தும் வரக்கூடாது, சம்பந்தி வாயிலிருந்து ஒரு குறையும் வரக்கூடாது, வந்தால் அத்தோடு நின்றுவிடும். ரிஜெக்ட் சாரிடம் இதைச் சொல்வதற்குப் பதில், சூரியனை உதிக்காதே என்று சொல்லிவிடலாம்.

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று பாஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். ஆட்சேபத்தையே தொழிலாகக் கொண்ட மனிதரை முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது?

முதல் இரண்டு ஞாயிறும் நிர்மலா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சமாளித்தாளாம். மூன்றாவதுக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் போயிருந்தோம். கிருஷ்ணப்பா நெற்றியில் குங்குமத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தார். பாஸ்டர் பெயர்களை வாசித்தார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, வழக்கம்போல் ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

ரிஜெக்ட் சார் எழுந்து நின்றார்.

ஜோயலின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். ஜோயல் கண்ணை மூடிக்கொண்டான். நிர்மலா, “அப்பா...” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லுங்க ஐயா.”

அவர் சட்டைப் பையைத் தடவினார். அந்தப் பழைய கட்டிலிருந்து ஒன்றை உருவினார். பச்சை. வெளிறி, ஓரமெல்லாம் மஞ்சளாகிப்போயிருந்தது.

“ஆட்சேபம் இல்லீங்க பாஸ்டர். கேட்டீங்களே, அதான். நல்லாப் பார்த்தாச்சு.” டேக்கை உயர்த்திக் காட்டினார். “பாஸ்.”

டேக்கை நிர்மலாவின் கையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். உள்ளே யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜோயலின் அப்பாவின் சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் அவர் மனைவியே கேட்டாராம்.

நான் வெளியே போய்த் தேடினேன். சர்ச் காம்பவுண்டில் மரத்தடியில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏம்மா, சப்ஜெக்ட் ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கு சார். ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுல சாம்பார் வைக்கறேன். ஒருத்தரும் குறை சொல்ல மாட்டேங்கறாங்க. வந்து பாருங்களேன்.”

கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிறே வந்தார். நின்றுகொண்டே ருசித்தார். பருப்பு வேகவில்லை, புளி தூக்கல், பெருங்காயம் போட்ட மாதிரியே தெரியவில்லை என்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது பாத்திரத்தின் பிடியில் சிவப்பு டேக்கைக் கட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் பல வருஷம், எத்தனையோ ஞாயிறு வந்தார். எத்தனையோ சிவப்பு வாங்கினேன். இப்போது அவர் இல்லை. என் சாம்பாரை எல்லோரும் நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள், எனக்குத்தான் அது போதவில்லை.